பத்து டிகிரியில் ஒரு மோட்டார்

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த பிறகு வந்த முதல் ஜனவரி. இலை வாட வைக்கும் ட்ரஃப்பின் ஃபேன் மோட்டார் எரிந்துபோய், மேட்டுப்பாளையம் பட்டறையில் ரீவைண்டிங் (புதுச் செம்புக் கம்பி சுற்றுவது) முடிந்து முந்தின நாள் மாலைதான் மலையேறி வந்திருந்தது. ஏழரை எச்.பி., மூன்று காயிலையும் முக்கோணமாக இணைத்த டெல்டா. கூட வந்த சீட்டில் மூன்று டெர்மினல் ஜோடிக்கும் தடை 1.80 ஓம் என்று எழுதியிருந்தது.

காலையில் மல்டிமீட்டர் 1.9 காட்டியது. ப்ரோப் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் அதுவே 0.3, கழித்தால் 1.6. இவ்வளவு சின்னத் தடைக்கு மல்டிமீட்டரை நம்பக் கூடாது என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. ப்ரோப் வயரின் தடையைச் சேர்க்காமல் அளக்கும் நாலு வயர் மீட்டரை எடுத்துவந்து வைத்தேன். மூன்று ஜோடியிலும் 1.63. பத்தில் ஒரு பங்கு காணோம்! சுற்றைக் குறைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, பட்டறைக்குப் போன் போட்டுக் கத்தியும்விட்டேன்.

சீனியர் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வாடல் மாடியில் ஈரப்பதம் பார்க்க மாட்டியிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றி வந்து மோட்டார் பக்கத்தில் வைத்தார். 10 டிகிரி.

"பட்டறையில வார்னிஷ் ஓவன் பக்கத்துல அளந்திருப்பாங்க. அங்க எவ்வளவு இருக்கும் தம்பி?"

"முப்பத்தஞ்சு இருக்கும்ண்ணே."

டெர்மினல் பாக்ஸ் மூடியில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். குளிர்ந்தால் செம்பின் தடை குறையும்; எவ்வளவு என்று பார்க்க இரண்டு வெப்பநிலையோடும் 234.5-ஐக் கூட்ட வேண்டும். 244.5-ஐ 269.5-ஆல் வகுத்து 1.80-ஆல் பெருக்கினால் 1.63. எனக்குக் காது சூடானது.

டெல்டாவில் ஒரு காயிலோடு மற்ற இரண்டும் தொடராகச் சேர்ந்து இணையாக நிற்கும், 2.7 ஓம் காயில் வெளியே 1.8 ஆகத்தான் தெரியும். ஒரு காயில் அறுந்திருந்தால் மூன்று ஜோடியும் ஒரே அளவாக இருக்காது, சீட்டில் 2.7, 2.7, 5.4 என்று வந்திருக்கும். இரண்டொரு சுற்று ஷார்ட் ஆனால் இந்த அளவீட்டில் பெரும்பாலும் சிக்காது, அது வேறு தலைவலி.

அப்புறம் காயிலுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவே, இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்தார். வெறும் 2 மெகாஓம். உண்மையான வில்லன், உள்ளே ஈரம் ஏற்றிய ராத்திரிப் பனிமூட்டம்தான். மூடிகளைக் கழற்றி, உள்ளே 200 வாட் பல்பை எரியவிட்டு, சாக்கால் போர்த்தினோம். சாயங்காலம் 60 மெகாஓம். ஃபேன் ஓடியது.

பட்டறைக்காரருக்கு மறுபடி போன் போட்டு, "தப்பா பேசிட்டேங்க" என்றேன்.

"சீட்டுல டெம்பரேச்சர் எழுதாதது எங்க தப்புங்க" என்றார் அவர். "அங்க ரொம்பக் குளிருதுங்களா?"