அத்தை எறிந்த சில்லு

அத்தைக்கு எல்லாச் சாமியிடமும் கணக்கு உண்டு. நேற்று தீர்த்தது அரியாங்குப்பம் மாதா கோயில் பாக்கி. சின்னவனுக்குப் பெண் அமைந்ததற்கு ஆளுயர மெழுகுவத்தி. எந்த ஆள் உயரம் என்று கடைவாசலிலேயே பஞ்சாயத்து. சின்னவன் ஆறடி. "வேண்டிக்கிட்டது நான், என் உயரம் போதும்" என்று நாலே முக்கால் அடியில் முடித்துவிட்டாள். மாதாவுக்கு ஒரு மல்லிகை மாலை, வீட்டுப் படத்துக்கு இன்னொன்று கூடைக்குள்.

அதோடு திரும்பியிருக்கலாம். என் வாய் இருக்கிறதே! "காக்காயன்தோப்பு பக்கந்தான் அத்தை. ரோமாபுரியோட வியாபாரம் பண்ண ஊரு" என்று அளந்து, அரிக்கமேட்டுக்கு ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டேன்.

ஆறு அது பாட்டுக்குக் கிடந்தது. தோப்புக்குள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தவள், "எங்கடா ரோமாபுரி?" என்றாள். காட்டுவதற்கு இருந்தது ஒரு செங்கல் சுவர். அதுவும் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய குருமடத்தின் மிச்சம்.

"இதுவும் கோயில்காரங்களுதுதானா? அப்ப அங்கயே ஒக்காந்திருக்கலாமே."

சரி, 1945இல் வீலர் என்ற வெள்ளைக்காரர் இங்கே தோண்டினார், இத்தாலியத் தட்டு, ஒயின் ஜாடியெல்லாம் உடைசலாகக் கிடைத்தது, அப்புறம் குழிகளை மூடிவிட்டார்கள் என்றேன்.

"மூடிட்டாங்களா? பின்ன என்னத்தப் பாக்க வந்தோம்?"

பதில் யோசிப்பதற்குள் பின்னால் சரசரவென்று சத்தம். கூடைக்குள் ஓர் ஆட்டின் தலை. மாலையில் பாதி ஆட்டின் வாயில், மீதி தாடியில். அத்தை காலடியில் கிடந்த ஓட்டாஞ்சில்லை எடுத்து வீசினாள் பாருங்கள்!

"ஐயோ அத்தை, அது ரெண்டாயிரம் வருசத்து ஓடா இருக்கும்!"

"ஆடு நேத்துப் பொறந்ததுதானே, அதுக்குத் தெரியுமா?"

குறி தவறவில்லை. ஆடு மாலையோடு போய்விட்டது.

பதறிப்போய் நானே சில்லைத் தேடி எடுத்துவந்தேன். வாங்கி, கட்டைவிரலால் மண்ணைத் துடைத்துப் பார்த்தாள். விளிம்போரம் ஒரு கோடு ஓடியது. "எங்கம்மா ஊறுகாய்ச் சட்டியிலயும் இப்படித்தான் ஒரு கோடு இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அத்தை பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் குனிந்து, எடுத்த இடத்திலேயே வைத்து, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். "யார் வீட்டுச் சட்டியோ."

திரும்பும்போது மறுபடி பூக்கடை. காலையில் நாற்பதுக்குக் கொடுத்த அதே மாலை இப்போது அறுபதாம். "இது ரோமாபுரிக் கணக்கு, நீயே குடு" என்று அத்தை வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.