நெட் வரலாறு: கல்வெட்டின் கடைசி வரியைப் பிடியுங்கள்

யூ.ஜி.சி. நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது. வரலாற்றில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கைக்கெட்டும் தூரத்தில் போய்விட்டது. உதவித்தொகையை நம்பி இருந்தவனுக்கு எரிச்சல் இல்லாமல் இருக்குமா? சரி, படித்தது மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு மார்க் வாங்கித் தந்தது ஒரே பழக்கம்தான். எந்தக் கல்வெட்டை எடுத்தாலும் நேராகக் கடைசி வரிக்குப் போவேன், எழுதியவர் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ராஜா யாரைத் தோற்கடித்தான் என்பது எல்லா கைடிலும் இருக்கும். இயற்றியது யார், எழுதியது யார், வெட்டியது யார் என்று ‘பொருத்துக’வில் கேட்டால்தான் பாதிப் பேர் திணறுகிறார்கள். நான் போன பயிற்சி மையத்தில் இதற்கு ஒரு வகுப்புகூட ஒதுக்கவில்லை. வம்சாவளியிலேயே மாதங்களை ஓட்டினார்கள்.

என் நோட்டிலிருந்து:

- அலகாபாத் தூண் (சமுத்திரகுப்தன்): இயற்றியவர் ஹரிசேனர், பணியை முடித்தவர் திலபட்டர்.
- தாளகுண்டா (கதம்பர்): குப்ஜர். பாட்டும் அவரே, கல்லில் பொறித்ததும் அவரே.
- மந்தசோர்: உஷார், ஒன்றுக்கு மேல் உண்டு. பட்டு நெசவாளர் கல்வெட்டு வத்சபட்டி இயற்றியது. யசோதர்மனுடையது வாசுலர் இயற்றி கோவிந்தர் வெட்டியது.
- ஐஹொளெ (சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி), 634: ரவிகீர்த்தி. தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் சமமாகச் சொல்லிக்கொண்டவர், அந்தத் தன்னம்பிக்கைக்காகவே மறக்காது.
- தேவபாரா (வங்காளத்துச் சேனர்): உமாபதிதரர் இயற்ற, சூலபாணி வெட்டினார்.

அசோகருக்குத் தனிப்பக்கம் போடுங்கள். கர்நாடகத்தில் பிரம்மகிரி, சித்தாபுரா, ஜதிங்க ராமேசுவரம் ஆகிய மூன்று இடத்துச் சிறு பாறைச் சாசனங்களிலும் சபடன் என்ற எழுத்தனின் பெயர் இருக்கிறது. சாசனம் முழுக்கப் பிராமி. முடிவில் எழுத்தன் என்ற தன் தொழிலை மட்டும் வடமேற்கில் வழங்கிய கரோஷ்டி எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதியிருக்கிறான். வடமேற்குப் பழக்கம் உள்ள ஆள் என்று அறிஞர்கள் ஊகிப்பது இதை வைத்துத்தான். அப்புறம் 14-ஆம் பெரும்பாறைச் சாசனம்: சில இடங்களில் வாசகம் குறைபட்டிருந்தால் எழுதியவன் பிழையும் காரணமாக இருக்கலாம் என்று பேரரசரே சொல்கிறார். கூற்று–காரணம் கேள்விக்கு இதைவிட வாகான விஷயம் கிடையாது.

சோழர் ஆட்சியை அதிகாரப் பதவிகளாக மனப்பாடம் செய்யாதீர்கள், ஓர் ஆணை நகரும் வழியாகப் படியுங்கள். அரசன் வாயால் சொல்வான், திருமந்திர ஓலை என்ற அலுவலன் அதை எழுதுவான், திருமந்திர ஓலை நாயகம் சரிபார்த்து ஒப்பமிடுவான். புரவுவரித் திணைக்களத்தார் (வரித்துறையினர்) வரிப்பொத்தகத்தில் ஏற்றுவார்கள். ஊருக்குப் போன பிறகுதான் கல்லும் செம்பும். ஆனைமங்கலச் செப்பேட்டில் இந்த வரிசை அப்படியே தெரியும். சொன்னது ராசராசன், செப்பேட்டில் ஏறியது மகன் ராசேந்திரன் காலத்தில். ஊர்ச் சபையில் எழுதும் வேலை மத்தியஸ்தனுடையது. உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டில் (919, 921) விதிகளை மட்டும் படித்துவிட்டு எழுதியவனை விட்டுவிடாதீர்கள். கணக்குக் காட்டாமல் போன வாரியத்தானும் (ஊர்க்குழு உறுப்பினன்) அவன் உறவினர்களும் குடவோலைக்குத் தகுதி இழப்பார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கணக்கு எழுதுவதற்கு அவ்வளவு கனம் இருந்தது.

மற்றவை வேகமாக:

- அர்த்தசாஸ்திரம், 2-ஆம் அதிகரணம் (பகுதி): ஆணை எழுதுபவனின் தகுதி, எழுத்தின் ஆறு குணம், ஐந்து குற்றம்.
- அக்பர்: செய்தி எழுதும் வாகியா நவிஸ் 14 பேர், தினம் இருவர் முறைவைத்து. ஆயின்-இ-அக்பரியில் இருக்கிறது.
- ஷாஜகான்: முன்ஷி (அரசவை எழுத்தர்) சந்திரபான் பிராமன்.
- விஜயநகரம்: ராயசம் (அரசன் ஆணையை எழுதுபவர்).
- சிவாஜி: சிட்னிஸ் (கடிதம் எழுதும் செயலர்) பாலாஜி ஆவ்ஜி. இவர் அஷ்டபிரதானில் (எட்டு அமைச்சர் குழு) கிடையாது. சுர்னிஸும் (சச்சிவ்) வாக்னிஸும் (மந்திரி) உண்டு. குழப்புவதற்கென்றே கேட்பார்கள்.

எல்லாவற்றையும் கையால் எழுதித்தான் படித்தேன். வீடியோ பார்த்துப் படிப்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது, குழுவாகப் படிப்பவர்களுக்கும் சந்தேகம்தான். எனக்கு நாலு பேர் சேர்ந்தால் அரட்டைதான் வரும்.

தேர்வறையில் ‘பொருத்துக’ கேள்வியின் நான்கு ஜோடியில் இரண்டு உறுதியாகத் தெரிந்தாலே பெரும்பாலும் விடை பிடிபட்டுவிடும். மைனஸ் மார்க் கிடையாது, எதையும் காலியாக விடாதீர்கள். நவீன இந்தியாவுக்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள், ஜே.ஆர்.எஃப். போனதே அங்கேதான்.