உப்புத் தண்ணீரில் ஒன்பது நாள்: ஒராண்டாவின் புண் ஆறியது

இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். என் ஒராண்டா தங்கமீனின் இடப்பக்கம் சதை தெரிந்த இடத்தை மெல்லிய தோல் மூடியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் ஈரக் கண்ணாடித்தாள் போல மினுங்குகிறது. செதில் இன்னும் முளைக்கவில்லை, ஆனால் சுற்றிலும் இருந்த சிவப்பு போயே போய்விட்டது. அவ்வளவு சந்தோஷம்!

தொட்டியில் இருந்த மரக்கட்டையின் இடுக்கில் சிக்கி ஐந்து செதில்களைப் பறிகொடுத்திருந்தது. உடனே தனி டப்பில் விட்டேன். ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்தே ஸ்பான்ஜ் ஃபில்டரை எடுத்து மாட்டினேன். மருந்து எதுவும் ஊற்றவில்லை, மளிகைக்கடைக் கல்லுப்பு மட்டும்தான்.

‘ஒரு கைப்பிடி உப்பு போடுங்க’ என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது. யாருடைய கைப்பிடி? எத்தனை லிட்டருக்கு? ஸ்பூன் கணக்கும் சரிவராது. என் தராசில் ஒரே ஸ்பூன் கல்லுப்பு ஒருமுறை 4 கிராம், மறுமுறை 6 கிராம் காட்டியது. அதனால் தண்ணீரையும் அளந்தேன். 20 லிட்டர் தண்ணீர் கேனை ஒருமுறை நிரப்பி டப்பில் ஊற்றி, மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டேன். காலையில் 20 கிராம், இரவு 20, மறுநாள் காலை 20. லிட்டருக்கு 3 கிராம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் வேறு பாத்திரத்தில் முழுக்கக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கரையாத கல் மீன்மேல் பட்டால் தோல் வெந்துவிடும்.

நன்னீர் மீனின் உடம்பில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம். அதனால் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், மீன் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். புண் இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தப் பாரம் குறைகிறது.

அந்த மார்க்கர் கோடுதான் இந்த முறை மீனைக் காப்பாற்றியது என்பேன். போன வருஷம் கோடைவெயிலில் வற்றிய தண்ணீருக்குப் பதிலாகத் தினமும் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஒரு மீனை இழந்தேன். மரக்காணம் பக்கம் உப்பளங்களைப் பார்த்தவன் நான். வெயிலில் தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே தங்கும் என்பது அன்று மூளையில் உறைக்கவில்லை. இப்போது கோட்டுக்குக் கீழே குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீர் மட்டும். அப்புறம்தான் 10 லிட்டரை வெளியே எடுத்து, 30 கிராம் கரைத்த புதுத் தண்ணீர் 10 லிட்டர். இந்த வரிசை மாறக் கூடாது.

மீன்கடையில் விற்கும் அக்வேரியம் உப்புக்கு அத்தனை விலை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வேறு எதுவும் கலக்காத கல்லுப்பே போதும். ஆனால் செடித் தொட்டியிலும் கோரிடோரஸ் என்ற குட்டிக் கெளுத்தி மீன் இருக்கும் தொட்டியிலும் இந்த அளவைப் போட்டுவிடாதீர்கள், தாங்காது.

மரக்கட்டையைக் கழற்றி மொட்டைமாடியில் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய் நைசான ஆற்றுமணல் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டியின் அடியில் கூரான கல் ஒன்றுகூட இனி வேண்டாம்.

மீன் இன்னும் டப்பில்தான். நாளை முதல் உப்பில்லாத தண்ணீர் மாற்றப் போகிறேன். பாதி பாதியாக மாற்றினால் 3 கிராம் ஒன்றரையாகும், அடுத்த நாள் முக்கால். அப்புறம்தான் பழைய தொட்டி.