எட்டாம் எண் மடக்குக் கத்தி

ஜூன் 2, திங்கள்

பிடியின் வார்னிஷ் இன்று முழுவதும் போயிற்று. 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 240இல் நிறுத்தினேன். 400ஐ எண்ணெய் ஏறிய பிறகுதான் தொட வேண்டும். இழை ஓடும் திசையிலேயே தேய்த்தேன், ஏனெனில் குறுக்கே விழும் கீறல் இப்போது கண்ணில் படாவிட்டாலும் எண்ணெய் பட்டவுடன் கருங்கோடாக எழுந்துவிடும். பீச் மரம் வெளிறிய நிறம் உடையது. அதன் மேல் பழுப்பு நிறத்தில் சின்னஞ்சிறு துணுக்குகள் நெருக்கமாகச் சிதறிக் கிடக்கின்றன. வார்னிஷ் இருந்தவரை இவை ஒன்றுமே தெரியவில்லை.

ஓப்பினெல் என்னும் பிரெஞ்சு மடக்குக் கத்தியின் எட்டாம் எண்ணில் அலகு 8.5 செ.மீ., பிடி 11 செ.மீ. அப்பாவின் கைக்கு இதற்குக் குறைந்த எண் உதவாது. சுண்டுவிரல் பிடியை விட்டு வெளியே நின்றுவிடும். அந்தக் கைக்கு இப்போது எல்லா விரல்களும் தேவை.

முகக்கவசம் இல்லாமல் தேய்க்கக் கூடாது என்று இங்கே எழுதி வைக்கிறேன். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. சிறிய பிடிதானே என்று நினைக்கலாம். ஆனால் மூடிய அறையில் 240ஆம் எண் தாள் கிளப்பும் தூள் மாவைவிட நுண்ணியது, நெடுநேரம் காற்றிலேயே நிற்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

அழைப்பு வரவில்லை. கத்தியின் பூட்டு வளையத்தைக் கழற்றி வைத்தேன்.

ஜூன் 4, புதன்

கழற்றிய வளையத்தையே இன்று மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழு வட்டம் அன்று; ஒரு பக்கம் வாய் திறந்த எஃகுப் பட்டை. அந்த வாயின் இரு முனைகளையும் வளைய இடுக்கியால் சற்றே விரித்தால் வெளியே வந்துவிடும். கத்தியைத் திறந்து வளையத்தைத் திருப்பினால், திறந்த வாய் காடியை, அதாவது அலகு மடங்கிப் படியும் பள்ளத்தை, விட்டு விலகி, பட்டையின் உடல் அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து அடைத்துக்கொள்கிறது. அலகு மடங்க இடம் இல்லை. பூட்டு முழுவதும் இவ்வளவுதான்.

ஜோசப் ஓப்பினெல் 1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் இந்தக் கத்தியைச் செய்யத் தொடங்கியபோது இந்த வளையம் கிடையாது. 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட வரிசை வந்தபோதும் கிடையாது. மார்செல் ஓப்பினெல் 1955இல்தான் இதைச் சேர்த்தார். அதுவரை அலகைத் திறந்த நிலையில் நிறுத்தியது மரத்தின் இறுக்கம் மட்டுமே. அழுத்தி வெட்டும்போது அலகு மடங்கினால் அது விரல்கள் மீதுதான் விழும். நல்ல கைக்கே அது ஆபத்து. அப்பாவின் வலது கை பொருளைத் தாமதமாகத்தான் விடுகிறது, அதைவிடத் தாமதமாகப் பற்றுகிறது. எனவே இந்த வளையத்தை அவரே, வேறு யார் உதவியும் இல்லாமல், திருப்பியாக வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் இதற்குப் பிறகு.

தடை எங்கே என்று தேடிப் பார்த்தேன். வளையத்தின் உள்விளிம்பில் வெட்டு எந்திரம் விட்ட நுண்ணிய பிசிர் இருக்கிறது. நகத்தை ஓட்டினால் கோத்துக்கொள்கிறது. 600ஆம் எண் எமரித் தாளைச் சிறு குச்சியில் சுற்றி உள்ளே வழித்தேன். பிசிர் போயிற்று. வளையத்தை அளவுக்கு மேல் விரித்து விடக் கூடாது. விரித்தால் எளிதாகச் சுழலும், ஆனால் தானாகவும் சுழலும்.

ஜூன் 6, வெள்ளி

தடித்த தோல் கையுறையை இடது கையில் மாட்டிக்கொண்டு கத்தியைத் திறந்து பார்த்தேன். முடியவில்லை. அலகின் பக்கவாட்டில், நகத்தைக் கொடுத்து இழுப்பதற்காக உள்ள நகப்பள்ளத்தில் கையுறையின் விரல் நுழையவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. வளையமும் அப்படியே: பெருவிரல் அதன் மேல் நழுவியதே தவிர வளையம் நகரவில்லை. அப்பாவின் விரலில் உணர்ச்சி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று என்னால் அறிய முடியாது, கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். ஆகவே இந்தக் கையுறையை வைத்துத்தான் இனி எல்லாவற்றையும் சோதிக்கப் போகிறேன்.

வளையத்தின் வெளிப்புறத்தில் முக்கோண அரத்தால் நெருக்கமாகக் குறுக்குவெட்டுகள் போட்டேன். ஆழம் அதிகம் இல்லை, பெருவிரலுக்குப் பிடிமானம் கிடைக்கும் அளவுதான். வெட்டுகளின் கூர்விளிம்பை எமரித் தாளால் நீவிவிட்டேன், தோலை உரசக் கூடாது என்பதற்காக. இப்போது கையுறை போட்ட விரலுக்கு வளையம் கட்டுப்படுகிறது.

நகப்பள்ளத்தை என்ன செய்வது என்று இரவு வரை தெரியவில்லை.

ஜூன் 7, சனி

அக்கா பேசினாள். நான் கத்தியைப் பற்றிப் பேசவில்லை.

ஜூன் 9, திங்கள்

இரண்டு நாளாக மழை. கத்தி இறுகிவிட்டது. சனிக்கிழமை ஒரு விரலால் திறந்த அலகை இன்று இரண்டு கைகளாலும் இழுக்க வேண்டியிருந்தது. இது கத்தியின் குறை அன்று, மரத்தின் இயல்பு. அதிலும் நான் வார்னிஷை எடுத்துவிட்டு இன்னும் எண்ணெய் கொடுக்காத வெறும் மரம். பச்சை பீச் மரம் முற்றிலும் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறக்குறைய 12 விழுக்காடு சுருங்கும், ஆரத்தின் போக்கில் அதில் பாதி; நீளவாக்கில் சுருக்கமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஈரத்தை வாங்கினால் அதே கணக்கில் திரும்ப விரியும். பிடி நீளவில்லை, தடிக்கிறது. காடியின் இரு சுவர்களும் உள்நோக்கி நகர்ந்து அலகை நெரிக்கின்றன.

நான் எடுக்கும்வரை வெளிப்புறத்தை வார்னிஷ் காத்தது. காடிக்குள் வார்னிஷ் இருந்ததே இல்லை என்பது இதைப் பிரித்த பிறகு தெரிந்தது. ஈரம் நுழையும் வழி அதுதான், அப்பா பழம் நறுக்கும்போது சாறு வடியும் வழியும் அதுதான். கழுவிவிட்டு உடனே துடைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல முடியும், ஆனால் துடைப்பதற்கும் இரண்டு கை வேண்டுமே. ஆகவே காடியின் உட்சுவரைத்தான் கவனிக்க வேண்டும். அட்டையை மடித்து அதில் உப்புத்தாளைச் சுற்றி, சுவர்களைச் சமமாகத் தேய்த்தேன், வலப்பக்கம் எத்தனை இழுப்போ இடப்பக்கமும் அத்தனையே. ஒரு சுவர் அதிகம் குறைந்தால் அலகு அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது கடினமான கேள்வி. மழைநாளில் எளிதாகத் திறக்கும் அளவுக்குத் தளர்த்தினால் வறண்ட நாளில் அலகு தானாக ஆடும். நல்லவேளையாக, 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த வளையம் மூடிய நிலையிலும் பூட்டுகிறது. அதை நம்பிச் சற்றுத் தளர்வாகவே விடுகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

நகப்பள்ளத்துக்கு வழி கிடைத்துவிட்டது. அதை விட்டுவிடுவது. பிடியின் இரு பக்கச் சுவர்களிலும் அரைவட்டமாக மரத்தைக் குடைந்தால், மடங்கிய அலகின் முதுகு அந்த இடத்தில் வெளியே தெரியும். அதைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுக்கலாம். நகம் வேண்டியதில்லை.

முதலில் கத்தியை மூடி, அலகின் கூர்விளிம்பு காடியில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று மெல்லிய குச்சியை விட்டு அளந்து, பிடியின் வெளிப்புறத்தில் பென்சிலால் கோடு போட்டேன். குடைவு அந்தக் கோட்டுக்கு வெகு மேலேயே நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் கிள்ளும் விரல் கூரைத் தொடும். 5 மி.மீ. ஆழம் போதும் என்று முடிவு செய்தேன். வளையத்துக்கு அருகே சுவர் மெலிந்திருக்கிறது, அங்கே குடையக் கூடாது; நடுப்பகுதிதான் சரி. அரைவட்ட அரத்தை வெளியிலிருந்து உள்ளே மட்டும் ஓட்டினேன், திரும்ப இழுத்தால் விளிம்பு சிம்பாகப் பிய்யும். பிறகு பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி வழித்தேன்.

கையுறையுடன் கிள்ளினேன். அலகு வந்துவிட்டது. மூன்று முறை மூடி மூடித் திறந்தேன். நீண்ட நாள்களுக்குப் பிறகு மனம் நன்றாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

பச்சை ஆளி விதை எண்ணெயில் டர்பன்டைன் சம பங்கு கலந்து முதல் பூச்சு. கடைகளில் ‘கொதித்தது’ என்று விற்கும் ஆளி எண்ணெய் சீக்கிரம் உலரும். அதில் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். இந்தப் பிடி பழமும் ரொட்டியும் தொடும் கையில் இருக்கப் போகிறது. பச்சை எண்ணெய்தான் வேண்டும். அது உலர வாரக்கணக்கில் ஆகும்.

பிடியின் வளையப் பக்கத்தைக் கீழே வைத்து, எண்ணெய் உள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தினேன். குறுக்கே வெட்டுப்பட்ட இழைமுனைதான் எண்ணெயைக் குடிக்கும் வாய். சிறு சிறு காற்றுக் குமிழிகள் இழைமுனையிலிருந்து வரிசையாக எழுந்தன. ஒரு மணி நேரம் கழித்தும் ஒன்றிரண்டு எழுந்துகொண்டிருந்தன. மரத்துக்குள் இருந்த காற்று வெளியேறி அந்த இடத்தில் எண்ணெய் புகுகிறது. இன்னும் எழட்டும், இன்னும் எழட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

துடைத்த துணியைத் தண்ணீரில் முக்கி, விரித்து, வெளியே கொடியில் போட்டிருக்கிறேன். ஆளி எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் உயிர்வளியை வாங்கிக் கெட்டிப்படுகிறது, அப்போது வெப்பம் வெளிவிடுகிறது. துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் அந்த வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பற்றும். உண்மையிலேயே வீடுகள் எரிந்திருக்கின்றன. நடு இரவில் எழுந்து போய்த் துணியை மறுபடியும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இன்னும் பிசுபிசுக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

அலகுக்குக் கறுப்பு ஏற்றினேன். இது கார்பன் எஃகு, ஏறக்குறைய 0.9 விழுக்காடு கார்பன். நன்றாகக் கூர் பிடிக்கும், ஈரத்தில் விட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு அலகு வாங்கியிருக்கலாமே என்று அக்கா கேட்டாள். அப்பா தம் வாழ்நாள் முழுவதும் கார்பன் அலகைத்தான் வைத்திருந்தார், நறுக்கி நறுக்கி அது நீலமும் சாம்பலுமாக மாறுவதை எங்களுக்குக் காட்டியிருக்கிறார். இப்போது அவர் கையில் கொடுப்பதும் அதுவாகவே இருக்க வேண்டும்.

சோப்பு நீரில் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் ஆக்கினேன். விரல்ரேகை பட்ட இடத்தில்கூடக் கறுப்பு ஏறாது. வெதுவெதுப்பான வினிகரில், பிடியின் மரம் நனையாதபடி, அலகைத் தொங்கவிட்டேன். சற்று நேரத்தில் மேற்பரப்பெங்கும் குமிழிகள், பிறகு சாம்பல் நிறம், பிறகு கருஞ்சாம்பல். எடுத்து, கழுவி, தளர்வாக ஒட்டியிருந்த கருந்தூளைத் துடைத்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, மீண்டும் ஒருமுறை. இந்தக் கறுப்பு துருவைத் தடுத்துவிடாது, தாமதப்படுத்தும். அப்பா துடைக்க மறந்த ஓர் இரவைத் தாங்கினால் போதும்.

முடிசூட்டிய கை முத்திரை 1909 முதல் இந்தக் கத்திகளில் இருக்கிறது. அழுத்திப் பதித்தது ஆகையால் கறுப்புக்குப் பிறகு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மூன்று விரல்களை நீட்டி உயர்த்திய ஒரு வலது கை. அதை இன்று வெகுநேரம் பார்த்தேன்.

ஜூன் 18, புதன்

எண்ணெய் உலரவில்லை. வெயிலில் வைத்தேன், சன்னலோரம் வைத்தேன், மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். வெளியே தொட்டால் காய்ந்திருக்கிறது, காடிக்குள் ஈர்க்குச்சியை விட்டால் நுனி ஒட்டுகிறது. அப்பா வருவது அடுத்த வாரமாக இருக்கலாம் என்றார்கள், பிறகு அதற்கு முன்பே இருக்கலாம் என்றார்கள். உலராத எண்ணெயோடு கொடுத்தால் அதில் தூசி படிந்து காடி கெட்டியாக அடைத்துக்கொள்ளும், அலகு மறுபடியும் இறுகும். நான் செய்த எல்லாமே அந்த ஒரு இறுக்கத்துக்கு எதிராகத்தான். இந்த எண்ணெயை அவசரப்படுத்த வழியே இல்லையா? இரண்டாம் பூச்சு வேண்டாம். தேன்மெழுகை மட்டும் பூட்டு வளையத்தின் உட்புறத்தில் தடவி நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் அழைத்தபோது அப்பாவே பேசினார். கத்தி ஆயிற்றா என்று கேட்டார். அவரிடம் யார் சொன்னது என்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

முனையை முதலில் மழுக்கினேன். கரடான கல்லில், முதுகுப் பக்கத்திலிருந்து, கையால் மட்டும். மின்சாணையில் வைத்தால் முனை நொடியில் சூடேறும். வைக்கோல் நிறம் தோன்றினாலே வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது என்று பொருள், அதன் பிறகு அந்த எஃகு பழைய கடினத்தோடு இராது. இப்போது முனை குத்தாது, ஆனால் தோல் சீவுவதற்குப் போதுமான வளைவு இருக்கிறது.

கூர் விஷயத்தில் அக்காவும் நானும் ஒத்துப்போகவில்லை. நடுங்கும் கைக்கு மழுங்கிய கத்திதான் பாதுகாப்பு என்கிறாள் அவள். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டும். அழுத்தும் கைதான் வழுக்கும், வழுக்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கூரான அலகுக்கு அதன் எடையே ஏறக்குறையப் போதும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

பக்கத்துக்கு 20 பாகை. அலகின் அகலம் 18 மி.மீ. என்று கொண்டால் முதுகு கல்லிலிருந்து 6 மி.மீ. உயர வேண்டும், அந்த உயரத்துக்கு அட்டைகளை அடுக்கி ஒருமுறை வைத்துப் பார்த்தால் கைக்குப் பழகிவிடும். 1000ஆம் எண் கல்லில் ஒரு பக்கம் முழுவதும் பிசிர் எழும்வரை, பிறகு மறுபக்கம். பிசிரைக் கண்ணால் தேடக் கூடாது. பெருவிரலை முதுகிலிருந்து கூர்விளிம்பு நோக்கிக் குறுக்கே இழுத்தால் நுனியில் கோத்துக்கொள்ளும். 3000இல் அதைக் குறைத்து, தோல் வாரில் பின்னோக்கி இழுத்து முடித்தேன். கறுப்பேறிய அலகின் ஓரத்தில் இப்போது ஒரு வெள்ளிக்கோடு ஓடுகிறது.

ஜூன் 21, சனி

காடிக்குள் ஈர்க்குச்சி இன்று ஒட்டவில்லை. 400ஆம் எண் தாளால் பிடியை ஒருமுறை நீவி, மெழுகு தேய்த்து, வளையத்தை மாட்டினேன். கையுறையுடன்: வளையம் திரும்புகிறது, கிள்ளினால் அலகு வருகிறது, பூட்டுகிறது, திறக்கிறது, மூடிப் பூட்டுகிறது. பிடியின் வால்பக்கத்தில் கயிறு கோக்கத் துளை போட வேண்டும். கீழே விழுந்தால் குனிந்து எடுக்க அவரால் ஆகாது, மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் விழாது. 4 மி.மீ. துளையா 5 மி.மீ. துளையா என்று கயிற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். துளையின் உட்சுவருக்கும் எண்ணெய் கொடுக்க வேண்டும், அது உலர மறுபடியும்

அக்கா அழைக்கிறாள்.