அம்மாவோட பஃப்பும் என் நாலாவது வருஷமும்

"டாக்டருக்குத்தானே படிக்கிற, இந்த பஃப் ஏன்டி முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது"ன்னு அம்மா போன்ல கேட்டாங்க. பஃப்னா மூச்சு எளைப்புக்கு வாயில அடிச்சுக்கற இன்ஹேலர். நான் பண்றது மாலிகுலர் பார்மகாலஜில, அதாவது மருந்து செல் அளவுல எப்படி வேல செய்யுதுங்கறதுல பிஎச்டி, அந்த டாக்டர் வேற இந்த டாக்டர் வேறன்னு வீட்ல சொல்றதையெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு. ஆனா இந்த தடவ கேட்ட கேள்வி கிட்டத்தட்ட என் தீசிஸ்.

பஃப்ல இருக்கறது சால்பூட்டமால். மூச்சுக்குழாய் தசைல இருக்கற பீட்டா-2 ரிசப்டர்ல (செல் மேல மருந்து வந்து ஒட்டற புரோட்டீன்) போய் உக்காரும், செல்லுக்குள்ள சைக்ளிக் ஏஎம்பிங்கற சேதி சொல்ற மூலக்கூறு ஏறும், தசை தளரும். ஆனா ஓயாம மருந்து வந்துட்டே இருந்தா செல் சும்மா இருக்காது, ரிசப்டர் மேல பாஸ்பேட்ட ஒட்டி, பீட்டா-அரஸ்டின்னு ஒரு புரோட்டீன வெச்சு அடைச்சு, ரிசப்டரையே உள்ள இழுத்துக்கும். யாராவது காலிங்பெல்ல விடாம அடிச்சா நாம ஒயரைப் பிடுங்கி விடுவோமே, அந்த மாதிரி. 2012 கெமிஸ்ட்ரி நோபல் லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் கெடச்சது இந்த ரிசப்டர் குடும்பத்துக்குத்தான். "ஒரு நாளைக்கு எத்தன தடவ அடிக்கிற?"ன்னு கேட்டா "யாரு எண்ணினா"ன்னாங்க. எழுதி வெக்க மாட்டியான்னு நல்லா கத்திட்டேன்.

கத்தறதுக்கு எனக்கு என்ன யோக்கியதன்னு போன வருஷமே தெரிஞ்சுபோச்சு. என் வேலையில முக்கால்வாசி எச்ஈகே 293ங்கற, லேப்ல வளர்ற மனுஷ செல்ல வளக்கறது, 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ ஸ்பிளிட் பண்ணணும் (பெருகினத பிரிச்சு புது பிளாஸ்க்ல போடணும்), பொங்கல் தீபாவளி எதுவும் அதுங்களுக்குக் கெடயாது. (293ங்கறது ஃப்ராங்க் கிரகாம் 1973ல பண்ணின 293வது எக்ஸ்பெரிமெண்டாம். நான் அந்த நம்பரை எப்பவோ தாண்டிட்டேன், பேர் வெக்கற மாதிரி ஒண்ணும் வரல.) திடீர்னு டோஸ் கர்வ் (மருந்தளவுக்கு ஏத்த விளைவோட கோடு) ஆட ஆரம்பிச்சுது, ஒவ்வொரு வாரமும் ஒரு ஈசி50 (பாதி விளைவு குடுக்கற மருந்தளவு), பிபெட்ட சந்தேகப்பட்டேன், டெஸ்ட் கிட்டையே சந்தேகப்பட்டேன், கடைசில என் கையையே சந்தேகப்பட்டேன். பிசிஆர் ஓட்டிப் பாத்தா மைக்கோபிளாஸ்மாங்கற பாக்டீரியா செல்லுக்குள்ள புகுந்திருக்கு. அதுக்கு செல் சுவரே கெடயாது, அதனால மீடியால (செல் வளர்ற திரவம்) போடற, சுவரத் தாக்கற பெனிசிலினுக்கு அசராது, மீடியாவும் கலங்காது, சாதா மைக்ராஸ்கோப்ல பாத்தாலும் தெரியாது. கைடு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்த? நோட்டப் பொரட்டினேன், எங்கயும் எழுதல. ஏழு மாச டேட்டா. எல்லா பிளாஸ்க்லயும் பிளீச் ஊத்தினேன், ரோஸ் கலர் மீடியா கண்ணு முன்னாடியே வெளுத்துப் போச்சு.

அம்மா இப்ப செஸ்ட் டாக்டரப் பாத்துட்டாங்க, ஸ்டீராய்டும் சேந்த இன்ஹேலரா மாத்திக் குடுத்திருக்காரு. நேத்து வாட்ஸ்அப்ல தினசரி காலண்டர் போட்டோ வந்துச்சு, தேதிக்குப் பக்கத்துல பேனாவால கோடு கோடா போட்டு வெச்சிருக்காங்க. கீழ ஒரு வாய்ஸ் நோட்டு: "நான் எழுதிட்டேன். நீ உன் செல்லுக்கு டெஸ்ட் எடுத்தியா?"