இரண்டரை அங்குலம்

ஜூன் 18, 2019, செவ்வாய்

அதிகாலை மூன்று மணி இருக்கும். அப்பாவின் அறைப் பக்கம் ஏதோ சீறுகிற சத்தம். காற்றுப் படுக்கையின் பம்ப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து விளக்கைப் போட்டேன். தரை முழுக்கத் தண்ணீர். குளியலறைச் சுவரில் பச்சை ஓடு ஒன்று பெயர்ந்து விழுந்து, அந்த ஓட்டையிலிருந்து விசிறியாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. நேற்று மாலைதான் தண்ணீர் லாரி வந்தது. 12,000 லிட்டர், 4,500 ரூபாய், பதினோரு நாள் காத்திருப்பு.

அதே சுவரின் மறுபக்கம் சுவிட்ச் போர்டு. மெயினை அணைத்தால் அப்பாவின் படுக்கை இறங்கிவிடும். அணைக்காவிட்டால் இருவரும் போய்ச் சேர்வோம். அணைத்தேன். மாடிக்கு ஓடித் தொட்டியின் கேட் வால்வைத் திருகினால் கைப்பிடி சும்மா சுற்றுகிறது. கடைசியில் தொட்டிக்குள்ளேயே இறங்கி, குழாயின் வாயில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தேன். முழங்கால் தண்ணீரில், நைட்டியோடு, கைப்பேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு. அந்த நேரத்திலும் தோன்றியது இதுதான்: இந்தத் தண்ணீரில் இனி எப்படி வாய் கொப்பளிப்பது?

ஓடிப்போனது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கப் போவதில்லை.

ஜூன் 19, புதன்

கணக்குப் பார்த்துவிட்டேன். தொட்டியின் உள்ளளவு 5 அடிக்கு 4 அடி. ஓர் அங்குலம் இறங்கினால் 47 லிட்டர். இறங்கியது 22 அங்குலம். 1,034 லிட்டர். பிளாஸ்டிக் குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் 69 குடம்.

எங்கள் வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடியதை மூன்று பேர் வாளியில் பிடித்தார்களாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அவரும் ஒருவர். திட்டுகிறாரா நன்றி சொல்கிறாரா என்று பிடிபடவில்லை.

ஜூன் 20, வியாழன்

மழை! 196 நாட்களுக்குப் பிறகு சென்னையில் மழை என்று தொலைக்காட்சி குதிக்கிறது. மொட்டை மாடியில் பெரிய அண்டாவை வைத்தேன். அடி நனைந்தது.

ஜூன் 21, வெள்ளி

பிளம்பர் தம்பி வந்தார். நான்கு நாளாக “இதோ கிளம்பிவிட்டேன் அக்கா” என்றவர். வந்ததும் சுவரைக் கண்ணால் பார்க்கவில்லை. காதை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு உளியை எடுத்தார். அரை மணி நேரத்தில் நான்கு ஓடுகள் போயின. 1986இல் அப்பா தி.நகரில் தேடித் தேடி வாங்கிய பிஸ்தா பச்சை. இனி எந்தக் கடையிலும் கிடைக்காது என்று பிளம்பருக்கும் தெரியும். இருந்தாலும் “மேட்ச் பண்ணிவிடலாம் அக்கா” என்றார்.

அறுத்தெடுத்த துண்டைக் கையில் கொடுத்தார். அரை அங்குல ஜி.ஐ. குழாய், துத்தநாகம் பூசிய இரும்பு. வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. உள்ளே துருவும் போர்வெல் தண்ணீரின் உப்பும் சேர்ந்து இறுகி, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. இந்தக் கோடையில் தொட்டி எத்தனை முறை காய்ந்தது என்று கேட்டார். ஏழெட்டு முறை என்றேன். காய்ந்தால் குழாய்க்குள் காற்று ஏறுமாம், லாரித் தண்ணீர் வந்து நிரம்பும்போது அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு இறங்குமாம், அந்த இடியில் துருச்செதில் பெயருமாம். “இத்தனை நாள் துருதான் அக்கா குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது” என்றார்.

ஒரு துண்டு மாற்றி, புது கேட் வால்வும் போட்டார். 2,800 ரூபாய்.

மூட்டுகளில் சுற்றியிருந்த சணல் அப்படியே இருந்தது, வெள்ளைப் பூச்சோடு. அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து சுற்றச் சொன்னது.

ஜூன் 23, ஞாயிறு

அப்பாவின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஈரம். உள்ளங்கை அளவு.

ஜூன் 25, செவ்வாய்

இரண்டு உள்ளங்கை.

ஜூன் 26, புதன்

இரவு பத்து மணிக்கு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தொட்டியில் கழியை விட்டு அளந்து சாக்பீஸால் கோடு போட்டேன். காலை ஐந்து மணிக்கு மறுபடியும் அளந்தேன். இரண்டரை அங்குலம் குறைந்திருக்கிறது.

118 லிட்டர். எட்டுக் குடம். ஊரே குடத்தோடு வரிசையில் நிற்க, என் வீட்டுச் சுவர் ஒவ்வோர் இரவும் எட்டுக் குடம் குடிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இனி இரவில் வால்வை மூடிவிட்டுத்தான் படுக்கை. நள்ளிரவில் அப்பாவுக்குத் துணி மாற்ற இரண்டு வாளி பிடித்துவைக்க வேண்டும்.

ஜூன் 29, சனி

அண்ணன் அழைத்தான். “எல்லாவற்றையும் மாற்றிவிடு, பணம் அனுப்புகிறேன்.” சரி. கட்டிலில் இருப்பவரை எந்த அறைக்கு மாற்றுவது என்று கேட்டேன். இணைப்பு சரியில்லையாம், பிறகு பேசுகிறானாம்.

ஜூலை 1, திங்கள்

காஞ்சிபுரத்தில் அத்திவரதர் தரிசனம் தொடங்கிவிட்டது. அனந்த சரஸ் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் அத்திமரப் பெருமாள். அப்பா 1979இல் பார்த்தவர். அடுத்ததையும் பார்த்துவிடுவேன் என்று என் சிறு வயது முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியைக் கட்டிலுக்கு எதிரே திருப்பி வைத்தேன். இமைக்காமல் பார்த்தார். சக்கர நாற்காலிகளுக்குத் தனி வழி என்று செய்தியில் சொன்னபோது நான் சத்தத்தைக் குறைத்தேன். ஏன் குறைத்தேன்?

அத்தி மரம் நாற்பது ஆண்டு தண்ணீருக்குள் கிடந்துவிட்டு வெளியே வருகிறது. தண்ணீருக்கென்றே செய்த இரும்பு முப்பத்து மூன்றில் பொடிப்பொடியாகிறது. இதை அப்பாவிடம் சொன்னால் முன்பெல்லாம் துத்தநாகப் பூச்சைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

ஈரம் இப்போது இலங்கை வரைபடம் மாதிரி இருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

இதை முழுவதும் எழுதிவிட வேண்டும்.

பிளம்பர் கேட்டது ஒரே கேள்வி: “லைன் எப்படிப் போகிறது?” வீட்டு வரைபடத்தில் அறைகள் இருக்கின்றன, ஜன்னல்கள் இருக்கின்றன, குழாய் இல்லை. குழாய் அப்பாவின் தலைக்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் வேலைக்கு ஆள் வரும்போதெல்லாம் கையைக் காட்டி, இங்கே ஆணி அடிக்காதே, அங்கே அடி என்பார். நான் ஒருநாளும் எழுதிவைக்கவில்லை.

காலையில் பரீட்சை அட்டையில் தாளைச் செருகி, மடியில் வைத்து, இடது கையில் பென்சிலைக் கொடுத்தேன். “அப்பா, தண்ணீர் எந்த வழியாக வருகிறது?” வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரைந்தார். கோடு நடுங்கியது, ஆனால் தயங்கவில்லை. ஒரு வட்டம், அதிலிருந்து நேராக ஒரு கோடு, வலப்பக்கம் திரும்பி ஒரு சதுரம், அங்கிருந்து சமையலறை. பேனாவை வைப்பதுபோலப் பென்சிலை வைத்துவிட்டு “த... த...” என்றார். தண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

வட்டத்தைத் தொட்டி என்று வைத்து, பிளம்பர் பூஜை அலமாரிக்குக் கீழே உடைத்தார். செங்கல். ஓர் அடி தள்ளி உடைத்தார். செங்கல். “ஐயா தப்பாகச் சொல்கிறார் அக்கா.” எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை.

இரவு அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வட்டம் இடப்பக்கம் இருக்கிறது. இந்த நங்கநல்லூர் வீட்டில் இடப்பக்கம் ஒன்றுமே இல்லை, மதில்தான். அவர் வரைந்தது நாங்கள் முன்பு இருந்த வாலாஜாபாத் வாடகை வீடு. வட்டம் கிணறு. கோடு, துவைகல்லிலிருந்து வாழைக்குப் போகும் வாய்க்கால். சதுரம், நான் விழுந்து தலையில் தையல் போட்டுக்கொண்ட சிமெண்ட் தொட்டி. ஒன்றுகூடத் தப்பில்லை.

ஜூலை 5, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. வீடெங்கும் சிமெண்ட் தூசி.

ஜூலை 6, சனி

முடிவு செய்தாயிற்று. சுவரை இனி உடைப்பதில்லை. பழைய குழாயை இரு முனையிலும் மூடியிட்டு உள்ளேயே விட்டுவிடுவது, புதிதாக சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயை வெளிச்சுவரில் ஓட்டுவது. 27,000 ரூபாய். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அப்பா இந்த வீட்டில் ஒரு குழாய்கூட வெளியே தெரியக் கூடாது என்று கட்டியவர்.

ஜூலை 9, செவ்வாய்

குழாய் ஓட்டியாகிவிட்டது. பசை காய வேண்டும், நாளை மாலை வரை தண்ணீர் விடக் கூடாது. வெயில் படுகிற பக்கம் பெயின்ட் அடிக்கச் சொன்னார், இல்லாவிட்டால் நாளடைவில் நொறுங்குமாம்.

மாலை அப்பாவோடு உலகக் கோப்பை கிரிக்கெட் அரையிறுதி பார்த்தேன். மான்செஸ்டரில் மழை வந்து ஆட்டம் நின்றது. மைதானத்தை மூடிய உறைமேல் தண்ணீர் தேங்கியிருப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நாங்கள் இருவரும் ஆட்டத்தைவிட அதைத்தான் கவனமாகப் பார்த்தோம்.

ஜூலை 10, புதன்

18 ரன்னில் தோற்றோம். குழாயில் தண்ணீர் வந்தது.

ஜூலை 11, வியாழன்

இரவுக் கோடு: 31 அங்குலம். காலைக் கோடு: 31 அங்குலம். கழியை மூன்று முறை விட்டுப் பார்த்தேன்.

ஜூலை 12, வெள்ளி

ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியிருக்கிறது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அமைச்சர்கள், மாலை, வாழைமரம். அப்பா சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான், ஆனால் சிரிப்பேதான்.

ஈரம் ஓரங்களில் வெளுத்துக்கொண்டு வருகிறது. யாழ்ப்பாணம் காய்ந்துவிட்டது.

ஜூலை 13, சனி

காலை மோட்டார் போட்டதும் அப்பா தலையைத் திருப்பிச் சுவரைப் பார்க்கிறார். நேற்றும் பார்த்தார். தொட்டி நிரம்பும் நேரத்தில் அந்தச் சுவருக்குள் டங் டங்கென்று ஒரு சத்தம் வரும்; முப்பது வருடமாக அதுதான் இந்த வீட்டில் விடியல். இப்போது வருவதில்லை. “குழாயை மாற்றிவிட்டோம் அப்பா” என்றேன். கையை நீட்டி ஓட்டைக் காட்டினார். பூசாத நான்கு சதுரம்.

சக்கர நாற்காலி வாடகைக்கு விசாரித்தேன். காரும். அத்திவரதரின் சயன கோலம் இம்மாதம் 31 வரைதான், பிறகு நின்ற கோலம். கூட்டம் பற்றிச் சொல்கிறவர்களெல்லாம் பயமுறுத்துகிறார்கள்.

நாளை ஐந்தரைக்கு லாரி. நிலத்தடி சம்ப்பின் மூடியை இன்றே நகர்த்திவைக்க வேண்டும்.