முதல் கிராலர்: பாம்பன் பாறைக்கு எது சரி?

ஆர்சி வண்டி, அதாவது ரிமோட்டில் ஓட்டுகிற குட்டி வண்டி வாங்கப்போகிறேன் என்றதும் மண்டபத்தில் எல்லோரும் மணலில் சீறிப் பாய்வதைத்தான் நினைத்தார்கள். எனக்கு வேண்டியது ராக் கிராலர். ஆள் நடக்கிற வேகம்தான், ஆனால் பாம்பன் கரைப் பாறையில் அது ஒவ்வொரு சக்கரமாக எடுத்து வைத்து ஏறும்போது பார்க்கிற நமக்கு மூச்சு நின்றுவிடும்.

1/24 அளவு வண்டி (நிஜ வண்டியில் 24-இல் ஒரு பங்கு) வீட்டுக்குள் புத்தகங்களை அடுக்கி ஓட்ட அருமை, நம் பாறைப் பள்ளத்தில் அப்படியே காணாமல் போய்விடும். 1/10 எடுங்கள். அந்த அளவில் வரும் டிராக்ஸஸ் கம்பெனியின் டிஆர்எக்ஸ்-4 வண்டியில் போர்ட்டல் ஆக்சில் இருக்கிறது, அதாவது அச்சு சக்கர மையத்துக்கு மேலே இருப்பதால் அடிப்பாகம் கல்லில் தட்டுவது குறைவு. இரு பக்கச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியலையும், அவை சேர்ந்தே சுற்றும்படி ரிமோட்டிலேயே லாக் செய்யலாம். லாக் இல்லாவிட்டால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கியதும் அது மட்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது.

மோட்டார், பேட்டரிக்கெல்லாம் ரொம்ப யோசிக்க வேண்டாம், பிரஷ்டு மோட்டாரும் (கார்பன் பிரஷ் வைத்த எளிய வகை) 2எஸ் லிப்போவும் (இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) ஆரம்பத்துக்குப் போதும்.

அப்புறம் உப்பு. வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்தாலும் உப்புக்கு பேரிங்கும் திருகாணியும் தாங்காது. அக்கா மகன் வண்டி ஒரே ஒரு அலையில் நனைந்தது, சரி காய்ந்துவிடும் என்று விட்டோம், ஒரே வாரத்தில் திருகாணித் தலையெல்லாம் செம்பழுப்பு, சக்கரத்தைச் சுற்றினால் கரகரவென்று சத்தம். இப்போது வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் சாப்பிடவே உட்காருகிறோம்.